குளம் நிறைந்திருக்கிறது, பறவைகளைக் காணோம்: ஏன்?

ஆற்றோரக் குளங்களைப் பற்றி அடிக்கடி இரண்டு வகைச் செய்திகள் வருகின்றன. தூர்வாரி, ஆழப்படுத்தி, கரை கட்டிய குளம் நிரம்பித் ததும்புகிறது, ஆனாலும் பறவைகள் வரவில்லை என்பது ஒன்று. வற்றிக்கொண்டிருக்கும் குளத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து குவிந்தன என்பது இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். நீர்ப்பறவைக்கு நீர்தானே வேண்டும்? நீர் நிறைய இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, சேறும் சகதியுமாகக் கிடக்கும் இடத்துக்கு ஏன் போகிறது?

குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைவிட, அது எப்போது ஏறுகிறது, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதே பறவைகளுக்கு முக்கியம். இதைப் புரிந்துகொள்ள, ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளச் சமவெளி என்பது எது?

ஆறு கரைபுரளும்போது இருபுறமும் நீர் பரவி நிற்கிற தட்டையான நிலமே வெள்ளச் சமவெளி. வெள்ளம் காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட வண்டலால் ஆன நிலம் இது. வரைபடத்தில் ஆற்றை ஒரு நீலக் கோடாகப் பார்த்தே பழகிவிட்டதால், கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் வெறும் நிலம் என்று நினைக்கிறோம். ஆண்டில் சில வாரங்களோ மாதங்களோ இந்தச் சமவெளி முழுவதும் ஆறுதான்.

இந்தச் சமவெளியில் குளங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் உருவாகின்றன.

1. குதிரைலாட ஏரி. வளைந்து வளைந்து ஓடும் ஆறு, வளைவின் வெளிப்பக்கக் கரையை அரித்துக்கொண்டும் உட்பக்கத்தில் மணலைச் சேர்த்துக்கொண்டும் போகிறது. வளைவின் கழுத்து ஒடுங்கிக்கொண்டே வந்து, ஒரு பெருவெள்ளத்தில் ஆறு குறுக்கே பாய்ந்துவிடும். கைவிடப்பட்ட பழைய வளைவு, லாட வடிவத்தில் தனிக் குளமாக நின்றுவிடும்.

2. கரைமேட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம். வெள்ளம் கரையைத் தாண்டியவுடன் வேகம் குறைவதால், கனமான மணல் அங்கேயே படிந்து மேடாகிறது. மெல்லிய களிமண் மட்டும் தொலைவு வரை போய்ப் படிகிறது. மேட்டுக்குப் பின்னால் தாழ்ந்து கிடக்கும் அந்தக் களிமண் நிலத்தில் புகுந்த நீருக்குத் திரும்பிப் போக வழியில்லை. மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும்.

3. மனிதர் தோண்டியவை. கரை கட்டவும் செங்கல் அறுக்கவும் மண் எடுத்த குழிகள், சரளை அள்ளிய பள்ளங்கள்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. குளத்துக்கும் ஆற்றுக்கும் இடையே வாய்க்கால் எதுவும் இல்லாவிட்டாலும், அடியில் உள்ள மணல், சரளை வழியாக நீர் ஊறிப் போய்வரும். ஆற்றில் நீர்மட்டம் தாழ்ந்தால் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற குளமும் சில நாள் கழித்துத் தாழலாம். ஆகவே ஆற்றுக்குச் செய்வதைக் குளத்துக்கும் சேர்த்தே செய்கிறோம்.

வெள்ளத் துடிப்பு

1989இல் வொல்ஃப்காங் யுங்க், பீட்டர் பெய்லி, ரிச்சர்ட் ஸ்பார்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இதயம் சுருங்கி விரிவதைப்போல ஆண்டுதோறும் வெள்ளம் ஏறி இறங்குவதுதான் வெள்ளச் சமவெளியில் உள்ள உயிர்களை நடத்துகிறது என்பது அதன் சாரம். 'வெள்ளத் துடிப்பு' என்று இதைச் சொல்லலாம். நீர்ப்பறவைகளின் நடத்தையில் புரியாமல் இருக்கும் பல விஷயங்கள் இந்த ஒரு கருத்தால் விளங்கிவிடுகின்றன.

வறண்ட காலத்திலிருந்து பார்ப்போம். குளத்தின் ஓரம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. செத்த நிலம்போலத்தான் தெரியும். ஆனால் அந்த மண்ணுக்குள் நீர்த்தாவரங்களின் விதைகளும், கண்ணுக்குத் தெரியாத சிறு நீருயிர்களின் உறங்கும் முட்டைகளும் காத்திருக்கின்றன. மேலே புல் முளைக்கிறது, கால்நடைகள் மேய்ந்து சாணம் போடுகின்றன, சருகுகள் உதிர்கின்றன.

அப்புறம் வெள்ளம் வருகிறது. காய்ந்த மண் நனைந்ததும் அதில் அடைபட்டிருந்த சத்துகள் நீரில் கரைகின்றன. மூழ்கிய புல்லும் சாணமும் அழுகி நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. உறங்கிய முட்டைகள் சில நாட்களிலேயே பொரித்து, நுண்ணுயிர்களைத் தின்று பெருகுகின்றன. ஆற்று மீன்கள் புதிதாக மூழ்கிய புல்வெளிக்கு ஏறி வந்து முட்டையிடுகின்றன. ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான, தீனி நிறைந்த நீரில் மீன்குஞ்சுகள் ஆற்றில் இருப்பதைவிட வேகமாக வளர்கின்றன.

இவ்வளவு உணவு இருந்தும் இந்தக் கட்டத்தில் பல பறவைகளுக்கு அது எட்டாது. மீன்கள் பரந்த நீரில் சிதறிக் கிடக்கும். ஒரு கொக்கு நாள் முழுக்க நின்றாலும் வயிறு நிறைவது சிரமம்.

நீர் இறங்கத் தொடங்கும்போதுதான் எல்லாம் மாறுகிறது. பரப்பு சுருங்கச் சுருங்க, அதே மீன்கள் சின்னச் சின்னப் பள்ளங்களில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஓரத்தில் தினமும் ஒரு புதிய சேற்றுப் பட்டை வெளிப்படுகிறது. ஏறுகிற நீர் சமைக்கிறது, இறங்குகிற நீர் பரிமாறுகிறது. வற்றும் குளத்தில் பறவைகள் குவிவதற்குக் காரணம் இதுதான்.

அந்தச் சேற்றுப் பட்டையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நேற்று வரை நீருக்கடியில் இருந்த மண், இன்று வெண்ணெய்போல மினுங்கும். ஒரு கைப்பிடி அள்ளி விரலால் பரப்பினால், சிவப்பு நூல் துண்டுகள்போல மெல்லிய புழுக்கள் நெளியும். கொசுவைப்போலவே இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் இளம்புழுக்கள் இவை. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் இவற்றின் உடலிலும் உண்டு. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் இவை மூச்சுவிடுவது அதனால்தான். கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வரும் உள்ளான்கள், அடுத்த பயணத்துக்கான கொழுப்பைச் சேர்ப்பது பெருமளவு இந்தப் புழுக்களைத் தின்றுதான். சேறு இரண்டு மூன்று நாள் காய்ந்து இறுகிவிட்டால் அலகு இறங்காது. அதனால் உள்ளான்களுக்குத் தினமும் புதுச் சேறு வேண்டும். குளம் நாளுக்கு ஓரிரு சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் அது கிடைக்கும்.

எந்தப் பறவைக்கு எவ்வளவு ஆழம்?

நீர்ப்பறவை என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அவை ஒரே வீட்டில் தனித்தனி அறைகளில் வாழ்பவை. அந்த அறைகளைப் பிரிக்கும் சுவர், நீரின் ஆழம்.

சிறிய உள்ளான்களுக்கு நீர் கணுக்கால் அளவுதான் வேண்டும், நான்கைந்து சென்டிமீட்டர். பவளக்கால் உள்ளானுக்கு நீண்ட சிவந்த கால்கள் இருப்பதால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். சின்னக் கொக்கு ஒரு காலை நீட்டிச் சேற்றை மெல்ல உதைத்துக் கலக்கும். பதுங்கியிருந்த மீனோ இறாலோ துள்ளியதும் அலகு பாயும். பெரிய நாரைகள் முழங்கால் ஆழம் வரை இறங்கும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன்போல நீரின் மேலிருந்தபடி தலையை மட்டும் உள்ளே விட்டு மேயும் வாத்துகளுக்குக் கழுத்து எட்டுகிற ஆழம்தான் எல்லை. பொதுவாக 30 சென்டிமீட்டருக்குள். அதற்கு மேல் ஆழம் போனால் முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாராபோல மூழ்கிப் பிடிப்பவைதான் பெரும்பாலும் மிஞ்சும்.

கரையெல்லாம் செங்குத்தாக வெட்டி, நடுவில் மூன்று மீட்டர் ஆழம் தோண்டிய குளத்தில் எந்த அறைகள் பூட்டப்பட்டுவிட்டன என்று இப்போது தெரியும். உள்ளான், கொக்கு, நாரை, மேயும் வாத்து எல்லாவற்றுக்கும் இடமில்லை. நீர் நிறைய இருக்கிறது, நான்கு நீர்க்காகங்கள் மட்டும் இறக்கை காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

அலகும் இந்தக் கணக்கில் சேரும். நத்தைகுத்தி நாரையின் இரு அலகுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரியும். ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் நத்தையை உருவியெடுக்க ஏற்ற அலகு அது. கரண்டிவாயன் அகன்ற அலகைப் பாதி திறந்தபடி நீரை இடவலமாக அரித்துக்கொண்டே நடக்கும். சில நாரைகள் கண்ணை நம்பாமல் தொடு உணர்வால் பிடிக்கின்றன. அமெரிக்காவில் உள்ள மர நாரை அலகைத் திறந்து கலங்கல் நீரில் வைத்துக்கொண்டு நடக்கும். மீன் பட்ட நொடியில் அலகு மூடிவிடும். அதற்கு ஆகும் நேரம் சுமார் 25 மில்லிநொடி. கண்டு பிடிக்காமல் தொட்டுப் பிடிக்கும் இந்த முறை, மீன்கள் நெருக்கமாக இருந்தால்தான் பலிக்கும். நீர் வற்றும்போது மர நாரைகள் கூடு கட்டுவதும் அதனால்தான்.

கூடு கட்டும் காலம்: நாட்கணக்கு

தீனி தேடும் பறவைக்கு நீர் இறங்க வேண்டும். கூடு கட்டிய பறவைக்கோ கூட்டைச் சுற்றி நீர் நின்றாக வேண்டும். நீர் நடுவே நிற்கும் மரமோ கோரைத் திட்டோதான் நரி, பூனை போன்றவற்றிடமிருந்து பாதுகாப்பு. இந்த இரண்டு தேவைகளையும் ஒரே வெள்ளம்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

நாட்களைக் கூட்டிப் பார்க்கலாம். அரிவாள் மூக்கனுக்கு அடைகாக்க மூன்றரை வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஐந்தாறு வாரம். மஞ்சள்மூக்கு நாரைபோன்ற பெரியவற்றுக்கு அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு தேற மேலும் இரண்டு மாதம். கூடு கட்டும் நாட்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆக, நீர் பத்து வாரத்திலிருந்து மூன்றரை மாதம் வரை நிலைக்காவிட்டால் அந்த ஆண்டு உழைப்பு வீண். நடுவில் நீர் சட்டென்று வடிந்தால், முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டுக் கூட்டம் மொத்தமாகப் போய்விடும். ஆஸ்திரேலியாவின் மக்வாரி சதுப்புநிலத்தில், அரிவாள் மூக்கன்கள் கூடு கட்டிய ஆண்டுகளில் குஞ்சு பறக்கும்வரை நீர் நிலைக்க வேண்டும் என்பதற்காக மேலே உள்ள அணையிலிருந்து கூடுதல் நீர் திறந்துவிடுகிறார்கள். பறவைக்கென்று நீரை ஒதுக்கிவைப்பது ஆடம்பரம் என்று தோன்றலாம். இந்த நாட்கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது.

நீரின் மேலேயே குடும்பம் நடத்துபவை இன்னொரு வகை. முக்குளிப்பான் மிதக்கும் பாசியைக் குவித்துக் கூடு கட்டும். எழுந்து போகும்போது ஈரத் தழையால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். நீர் மெதுவாக ஏறினால் கூட்டின் மேல் மேலும் தழை போட்டு உயர்த்திக்கொள்ளும். நீண்ட விரல்களால் இலை மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியில் ஆண்தான் அடைகாக்கிறது. பெண் நான்கு முட்டைகளை இட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். கூட்டுக்கு ஆபத்து வந்தால் ஆண் சிலவேளை முட்டைகளை வேறிடத்துக்கு நகர்த்தும். மெதுவான ஏற்றத்தை இவை சமாளித்துக்கொள்ளும். அணையிலிருந்து ஓர் இரவில் திறந்துவிடப்படும் நீரை இவற்றால் சமாளிக்க முடியாது.

பறவை குளத்துக்குத் தருவது

கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமாக இல்லை. ஒரு குளத்தின் கரையோரத்தில் மூன்று கரண்டி சேறு எடுத்து, ஆறு மாதம் மூடிவைத்து, முளைத்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணினார் சார்லஸ் டார்வின். மொத்தம் 537 செடிகள். அந்தச் சேறுதான் பறவையின் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த குளத்துக்குப் போகிறது என்று விளக்கினார். விதைகளும் சிறு நீருயிர்களின் முட்டைகளும் சில நத்தைகளும் இப்படி ஒன்றோடொன்று தொடர்பில்லாத குளங்களுக்குப் பயணம் போகின்றன. கூடுகளுக்குக் கீழே விழும் எச்சம் நீரில் உரமாகிறது. அளவோடு இருந்தால் பாசியும் புழுவும் மீனும் பெருகும்.

சங்கிலி எங்கே அறுகிறது?

1. அணை வெள்ளத்தைச் சமப்படுத்தும்போது. ஆண்டு முழுக்க ஒரே அளவு நீர் ஓடும் ஆறு பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரியும். துடிப்பு நின்றுபோனதால் சமவெளி நனைவதில்லை, மீன் ஏறுவதில்லை.

2. கரை உயர்த்தி ஆற்றைச் சிறைப்படுத்தும்போது. ஆறும் குளமும் பிரிந்துவிடுகின்றன. குளம் வண்டலும் செடியும் சேர்ந்து தூர்ந்துபோகும். புதிய குதிரைலாட ஏரியை உருவாக்க ஆற்றுக்கு இனி இடமும் இல்லை. இந்த இரண்டாவது இழப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய குளங்கள் சாவது இயற்கைதான். புதியவை பிறக்காமல் போவதுதான் ஆபத்து.

3. ஆகாயத்தாமரை மூடும்போது. வெளிச்சமும் காற்றும் இறங்காத நீரில் மீன் திணறும். இலைக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் அது மேடைதான், வாத்துக்கோ இறங்கக்கூட இடமில்லை.

4. வெளியூர் மீன் விடும்போது. சாதாக்கெண்டை அடிமண்ணைக் கிளறியே தின்னும். நீர் கலங்கி, நீர்த்தாவரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டு, அவற்றை நம்பிய பறவைகள் விலகிவிடும்.

நல்லெண்ணமும் தவறிப்போகலாம் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவை எடுத்துக்கொள்ளலாம். ஆற்று வெள்ள நீரைத் தேக்கி உருவான இடம் அது. பறவைகளின் நன்மைக்கு என்று 1982இல் அங்கே கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. மேய ஆளில்லாததால் ஒருவகை நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து ஆழமில்லாத நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீர் குறைந்தது, மீனும் பறவையும் குறைந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு, எருமைகள் அங்கே புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்ததை எடுத்துக்காட்டியது.

இன்னொரு வகைச் செய்தி தனியே விளக்கம் கேட்கிறது. திடீரென்று நூற்றுக்கணக்கான பறவைகள் கழுத்துத் தொங்கிச் செத்துக் கிடக்கும். உடனே விஷம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு எழும். பல சமயம் காரணம் போட்டுலிசம். வெப்பமான, தேங்கிய, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பெருகும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு இது. செத்த பறவையில் புழு வைக்கும். அந்தப் புழுவில் நஞ்சு சேரும், புழுவைத் தின்ற அடுத்த பறவை சாகும். இறந்த உடல்களை அன்றன்றே அகற்றுவது முதல் வேலையாக இருப்பது இந்தச் சுழலை அறுக்கத்தான்.

ஆற்றுக்கு இடத்தைத் திருப்பிக் கொடுத்தால்?

புளோரிடாவின் கிஸ்ஸிமி ஆறு சுமார் 166 கிலோமீட்டர் வளைந்து ஓடியது. வெள்ளத் தடுப்புக்காக 1962 முதல் 1971 வரை அதை வெட்டி நிமிர்த்தி, 90 கிலோமீட்டர் நீளக் கால்வாயாக மாற்றினார்கள். வெள்ளச் சமவெளி காய்ந்தது. குளிர்காலத்தில் அங்கே வந்த வாத்துகள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. தவறு உணரப்பட்டு, 1999இல் கால்வாயை மண் போட்டு மூடும் வேலை தொடங்கியது. கட்டுமானப் பணி 2021இல் முடிந்தது. சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு மீண்டும் வளைந்து ஓடுகிறது. கொக்குகளும் வாத்துகளும் திரும்பி வந்திருக்கின்றன. வெட்டுவதற்கு ஒன்பது ஆண்டு, திருத்துவதற்கு இருபதுக்கும் மேல்.

நெதர்லாந்தில் 1995 வெள்ளத்தின்போது சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டிவந்தது. அதன் பிறகு கரையை இன்னும் உயர்த்துவதற்குப் பதிலாக, 30க்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளியும் பக்கக் கால்வாய்கள் வெட்டியும் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். மக்களைக் காக்கச் செய்த வேலை அது. பறவைகளுக்கு ஆழமில்லாத நீர் அதன் கூடவே கிடைத்தது.

சிறிய அளவிலும் செய்யக்கூடியது உண்டு. குளத்தை ஆழப்படுத்தியே ஆகவேண்டும் என்றால், ஒரு பக்கக் கரையையாவது பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஆழம் வரும்படி சரிவாக விடலாம். நீர்மட்டம் எங்கே நின்றாலும் அந்தச் சரிவில் எங்காவது கணுக்கால் ஆழம் இருக்கும்.

கணக்கெடுப்புச் செய்தியைப் படிக்கும்போது

1. உலகளாவிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967 முதல் ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜனவரியில் நடக்கிறது. அது ஒரு நாள் எடுத்த படம். ஜனவரியில் வெறுமையாக இருந்த குளத்தில் வெள்ளக் காலத்தில் கூடுகள் நிறைந்திருக்கலாம்.

2. ஒரு குளத்தில் எண்ணிக்கை கூடினால், சுற்றியுள்ள மற்றக் குளங்கள் காய்ந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். கிழக்கு ஆஸ்திரேலியாவில் 1983 முதல் ஆண்டுதோறும் விமானத்திலிருந்து பெரும்பரப்பின் குறுக்கே பட்டை பட்டையாக எண்ணுவது இந்தப் பிழையைத் தவிர்க்கத்தான்.

3. மொத்த எண்ணிக்கையைவிட வகைகளைப் பார்ப்பது நல்லது. உள்ளான்கள் மறைந்து நீர்க்காகங்கள் கூடியிருந்தால், மொத்தம் மாறாவிட்டாலும் குளம் ஆழமாகியிருக்கிறது.

4. 'பன்னாட்டு முக்கியத்துவம்' என்ற சொல்லுக்கு அளவுகோல் உண்டு. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, ஓர் இடம் தொடர்ந்து 20,000 நீர்ப்பறவைகளையோ, ஓர் இனத்தைச் சேர்ந்த பறவைத்தொகையில் ஒரு சதவீதத்தையோ தாங்கினால் அதற்குத் தகுதி பெறலாம்.

5. அதே ஒப்பந்தம் ஈரநிலத்தை வரையறுக்கும்போது நிரந்தர நீரையும் தற்காலிக நீரையும் ஒன்றாகவே சேர்த்துச் சொல்கிறது. "ஆண்டில் எட்டு மாதம் காய்ந்து கிடக்கும் தரிசு" என்று ஒரு நிலத்தைப் பற்றிச் செய்தி வந்தால், மீதி நான்கு மாதம் அங்கே என்ன நின்றது, அதில் யார் கூடு கட்டினார்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.